சொந்த ஊரில் தங்க ஓர் இடம்: ஊழியர் விருந்தினர் இல்லம் பற்றி ஒரு மதிப்பீடு

லிட்டில் இந்தியாவுக்கும் ஃபேரர் பார்க்குக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில், வெளிநாடுகளில் அருட்பணி செய்யும் தம்பதிகள் சிங்கப்பூர் வந்துபோகும்போது தங்குவதற்கென்றே நடத்தப்படும் இரண்டு மாடி இல்லம் ஒன்று இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அங்கே தங்க வருபவர்களில் சிலர், தாங்கள் கிறிஸ்தவ ஊழியர்கள் என்பது வெளியே தெரிந்தால் விசாவுக்கே ஆபத்து வரக்கூடிய நாடுகளில் இருப்பவர்கள். ஆகவே இல்லத்தின் பெயரையும் முகவரியையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று பொறுப்பாளர்கள் எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறார்கள். நானும் அதை ‘இல்லம்’ என்றே குறிப்பிடுகிறேன். உங்கள் சபைப் போதகரிடமோ அருட்பணிக் குழுவிலோ கேட்டால் எது என்று சொல்லிவிடுவார்கள்.

என் கணவரும் நானும் கம்போடியாவில் பட்டம்பாங் நகரத்துக்கு வெளியே ஊழியம் செய்கிறோம். அவர் கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் சிறிய விடுதி ஒன்றைக் கவனித்துக்கொள்கிறார். நான் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன், வீடு வீடாகப் போய் அவர்களோடு உட்கார்ந்து ஜெபிக்கிறேன். விடுப்புக் கிடைக்கும்போதெல்லாம் சிங்கப்பூர் வந்து இந்த இல்லத்தில்தான் தங்குகிறோம். சிங்கப்பூர்க்காரர்களுக்கு எதற்கு விருந்தினர் இல்லம் என்று சபையில் பலரும் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இந்த இல்லத்தின் அருமையை விளக்க முடியாது.

வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படும் சிங்கப்பூர்த் தம்பதிகள் பெரும்பாலும் தங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும், வயதான பெற்றோரின் மருந்துச் செலவுக்கும், சபை அனுப்பும் காணிக்கை குறையும் மாதங்களுக்கும் அந்த வாடகைதான் கைகொடுக்கிறது. வழக்கமான வீவக வீட்டை முழுமையாக வாடகைக்கு விட வேண்டுமானால் உரிமையாளர் முதலில் ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்திருக்க வேண்டும்; விட்ட பிறகு ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குக் குறையக்கூடாது. ஆகவே ஒரு மாத விடுப்பில் வரும்போது நம்முடைய வீட்டுக் கதவை நாம் தட்ட முடியாது. இன்னொருவர் வீட்டைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுக்கவும் வழியில்லை, ஏனென்றால் தனியார் வீடுகளுக்கும் குறைந்தபட்ச வாடகைக் காலம் தொடர்ச்சியாக மூன்று மாதம் என்பது சட்டம். மீதமிருப்பது ஹோட்டல். அறை வாடகையோடு ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும், பல இடங்களில் சேவைக் கட்டணமும் சேர்த்துக் கணக்கிட்டால், மூன்று வாரத் தங்கலுக்கு ஆகும் தொகையைக் கொண்டு எங்கள் விடுதிப் பிள்ளைகளுக்குப் பல மாதம் சோறு போடலாம்.

உறவினர் வீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அன்பாகவும் அழைக்கிறார்கள். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது மூவறை வீட்டில் ஐந்து பேர் வாழும் சிங்கப்பூருக்கு மிகவும் பொருந்தும். நாங்கள் போனால் அண்ணன் மகள் தன் அறையைக் காலி செய்துவிட்டுத் தேர்வுக்கு வரவேற்பறையில் உட்கார்ந்து படிக்கிறாள். அண்ணி வேலைக்குப் போகும் அவசரத்திலும் எங்களுக்கென்று தனியாகச் சமைத்து வைக்கிறார். நாங்கள் ஓய்வெடுக்க வந்து அவர்களுடைய ஓய்வைக் கெடுத்துவிட்டுப் போவது மனத்தை உறுத்தும். இப்போது இல்லத்தில் தங்கிக்கொண்டு வாரம் இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறோம். இரு குடும்பத்துக்கும் அது நல்ல ஏற்பாடாக இருக்கிறது.

இனி இல்லத்தைப் பற்றி. சிங்கப்பூருக்கும் புனோம் பென்னுக்கும் இடையே பறக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். ஆனால் பட்டம்பாங்கிலிருந்து தேசிய நெடுஞ்சாலை ஐந்தில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் வேனில் வந்து, தலைநகருக்குத் தெற்கே 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட தெச்சோ விமான நிலையத்தை அடைந்து, இரவு விமானம் பிடித்துச் சாங்கியில் இறங்கும்போது பெருவிரைவு ரயில் சேவை முடிந்திருக்கும். எந்த நேரத்தில் போனாலும் உள்ளே நுழைய வழி இருப்பது இல்லத்தின் முதல் சிறப்பு. கதவருகே எண் பூட்டுப் போட்ட சிறு பெட்டியில் சாவி இருக்கும். எண்ணை அன்று மாலையே திறன்பேசிக்கு அனுப்பிவிடுவார்கள். மேசையில் நம் பெயர் எழுதிய தாளும், ஒரு பொட்டலம் ரொட்டியும், குளிர்பதனப் பெட்டியில் முட்டையும் பாலும் இருக்கும். நள்ளிரவில் யாரையும் எழுப்பி மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அறைகள் எளிமையானவை. இரட்டைக் கட்டில், எழுதும் மேசை, குளிரூட்டி, மின்விசிறி, அலமாரி ஆகியவை எல்லா அறைகளிலும் உண்டு. குளியலறை இரண்டு அறைக்கு ஒன்று. படுக்கை விரிப்புகளில் வெயிலில் காய்ந்த வாசனை வரும். நடைபாதையில் பேசினால் அறைக்குள் கேட்கிறது என்பதால், இரவு பத்து மணிக்குப் பிறகு அமைதி காக்க வேண்டும் என்ற விதியை எல்லாரும் மதிக்கிறார்கள். அறையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சமையலறையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவர்களுக்கு எது குறைந்துபோயிருக்கும் என்பதைத் தெரிந்தவர்கள் அமைத்த சமையலறை அது. இரண்டு எரிவாயு அடுப்புகள், மாவரைக்கும் இயந்திரம், பதினாறு குழி இட்லிப் பானை, தேங்காய்த் துருவி எல்லாம் இருக்கின்றன. சீன நண்பர்களுக்கென்று பெரிய வாணலியும் சோறு வேகவைக்கும் மின்பானையும் தனியாக உண்டு. பட்டம்பாங் சந்தையில் புளியும் எலுமிச்சைப்புல்லும் கொட்டிக் கிடக்கும், உளுந்து கிடைக்காது. இங்கே வந்த மறுநாள் காலையில் ஊறவைத்து, மாலையில் அரைத்து, அதற்கடுத்த நாள் இட்லி அவிக்கும்போதுதான் ஊருக்கு வந்துசேர்ந்ததாக உடம்பு ஒப்புக்கொள்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் ஒவ்வொன்றிலும் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது விதி. ஊழிய இடத்துக்குத் திரும்புபவர்கள் மீந்துபோன அரிசி, பருப்பு, தேயிலை, மசாலாப் பொடிகளை ‘எல்லாருக்கும்’ என்று எழுதிய தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். நேப்பாளத்திலிருந்து வந்த ஒரு தம்பதி விட்டுச்சென்ற மிளகாய் ஊறுகாயை அடுத்து வந்தவர்களெல்லாம் சேர்ந்து தீர்த்தோம்.

இல்லத்தின் மிகப் பெரிய உதவி பலரும் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே பொருள்களைச் சேமித்து வைக்கும் அறை ஒன்று உண்டு. ஒவ்வொரு குடும்பமும் மூடியுள்ள நெகிழிப் பெட்டி இரண்டை அங்கே ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கலாம். உள்ளே நுழைந்தால் அந்துருண்டை வாசனையும், ஈரப்பதத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் மெல்லிய இரைச்சலும் வரவேற்கும். இரும்புத் தட்டுகளில் பெட்டிகள் வரிசையாக இருக்கும். குடும்பப் பெயருக்குப் பதிலாக எண்ணும் கடைசியாகத் திறந்த மாதமும் மட்டும் எழுதியிருக்கும். எங்கள் பெட்டியில் ஆலயத்துக்குக் கட்டும் புடவைகள், கணவரின் ஒரே கோட்டு, நல்ல காலணிகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரங்களின் நகல்கள், சிங்கப்பூரில் மட்டும் பயன்படும் அட்டைகள், அம்மாவின் பழைய ஜெபப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. பட்டம்பாங்கில் மழைக்காலத்தில் தோல் காலணி ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். விமானத்தில் இருபது, முப்பது கிலோ மட்டுமே அனுமதி இருக்கும்போது இவற்றையெல்லாம் தூக்கிக்கொண்டு அலையவும் முடியாது, எறிந்துவிடவும் முடியாது. வீடு இல்லாதவர்களுக்கு ஓர் அலமாரியாவது இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வெளிநாட்டில் ஊழியம் செய்பவர்கள் மட்டுமே முழுமையாக உணர்வார்கள் என்று நினைக்கிறேன். கதவருகே பெட்டிகளை எடைபோடும் தராசு ஒன்றும் தொங்குகிறது. கிளம்பும் நாளில் ஊறுகாய்ப் புட்டியை எடுப்பதா, தையல் நூல்கண்டுகளை எடுப்பதா என்ற முடிவு அங்கேதான் நடக்கும்.

இல்லம் இருக்கும் இடம் எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் ஏற்றது. ஊழியர்கள் விடுப்பில் வருவது ஓய்வுக்காக மட்டுமில்லை. ஓராண்டாகத் தள்ளிப்போட்ட பல் வலி, இரத்தப் பரிசோதனை, கடப்பிதழ் புதுப்பித்தல், வங்கி வேலை, வரி வேலை எல்லாம் அந்தச் சில வாரங்களில் முடிந்தாக வேண்டும். வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் மாறாமலேயே அவுட்ரம் பார்க்கில் இறங்கித் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைக்கும் போகலாம். லாவெண்டரிலுள்ள குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் சிறிது தொலைவுதான். தேக்கா சந்தையில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மீன் எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். முஸ்தஃபா பேரங்காடியில் குக்கர் வளையம், தையல் ஊசி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் என்று நீளும் பட்டியலை ஒரே கட்டடத்துக்குள் முடித்துவிடலாம்.

ஆலயங்களும் அருகிலேயே இருக்கின்றன. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், டார்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் கிறிஸ்து ஆலயம், ஓஃபிர் ரோட்டில் 1888இல் கட்டி முடிக்கப்பட்ட, தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குரிய லூர்து மாதா ஆலயம் என்று எந்தச் சபையைச் சேர்ந்தவரும் தமிழில் ஆராதிக்க முடியும். காலையில் நடக்கப் போனால் பிரின்செப் ஸ்திரீட் பிரஸ்பிட்டேரியன் தேவாலயம் வரை போவோம். அது, இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக வந்த பெஞ்சமின் கீஸ்பெரி மலாய் மக்களுக்காக 1843இல் எழுப்பிய சிற்றாலயத்தின் வழிவந்தது. 1842இல் நான்கிங் உடன்படிக்கையால் சீனத் துறைமுகங்கள் திறந்த பிறகு, சிங்கப்பூரில் காத்திருந்த அந்தச் சங்கத்தின் ஊழியர்கள் சீனாவுக்குக் கிளம்பினார்கள். கீஸ்பெரி மட்டும் இங்கேயே தங்கி 1875இல் இறக்கும்வரை உழைத்தார். ஊழியர்கள் வந்து, தங்கி, கடந்துபோகும் துறைமுகமாகச் சிங்கப்பூர் இரு நூற்றாண்டாகவே இருந்துவருகிறது என்பதை நினைக்கும்போது, இப்படிப்பட்ட இல்லங்கள் இன்னும் பல இருக்க வேண்டாமா என்று தோன்றுகிறது.

இல்லத்தை நடத்துபவர்கள் பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழ்த் தம்பதி. எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். ஆன்ட்டி முன்பு தாதியாக இருந்தவர். முகத்தைப் பார்த்தே உடம்பின் நிலையைச் சொல்லிவிடுவார். விடுதியில் ஒரு பிள்ளையை நோயில் பறிகொடுத்துவிட்டு நாங்கள் வந்திறங்கிய முறை, வாசலில் நின்றபடியே நான் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். “இப்ப எதுவும் பேச வேண்டாம்மா. மொதல்ல படுத்து எழும்பு, சாப்பிடு. நாளைக்கி நானும் நீயும் மட்டும் உக்காந்து பேசுவோம்” என்றார். மறுநாள் சொன்னபடியே காலை முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ஒரு வசனத்தைக்கூட அவசரமாகச் சொல்லவில்லை. விடுப்பில் வரும் ஊழியர்களைச் சபைகள் மேடையேற்றுகின்றன, மாலை போடுகின்றன, எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கேட்கின்றன. தூக்கம் வருகிறதா, கணவன் மனைவி ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறீர்களா என்று கேட்பவர்கள் குறைவு. இந்த இல்லத்தில் அந்தக் கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரைச் சந்திக்க நேரம் வாங்கித் தருகிறார்கள். போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வியாழன் மாலை ஜெபக் கூடுகையும் அப்படியே.

குறைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருத்தக்கூடிய குறைகள்தான் அவை. மின்தூக்கி இல்லை. முழங்கால் தேய்ந்துபோன மூத்த ஊழியர்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரே ஓர் அறைதான் இருக்கிறது. அதை இளையவர்களுக்குக் கொடுக்காமல் அவர்களுக்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டும். இரண்டாம் மாடியில் இணையத் தொடர்பு பலவீனமாக இருப்பதால், ஞாயிறு இரவு பட்டம்பாங்கிலுள்ள சக ஊழியர்களோடு காணொளியில் ஜெபிக்க நாங்கள் படிக்கட்டில் வந்து உட்கார வேண்டியிருக்கிறது. ஆண்டிறுதி மழைக்காலத்தில் துணி காய்வதில்லை. பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழ் இரண்டு நாள் தொங்கினாலும் ஈர வாடை போகாது. உலர்த்தும் இயந்திரம் ஒன்றை எந்தச் சபையாவது வாங்கிக் கொடுத்தால் பெரிய புண்ணியமாக இருக்கும்.

இவற்றைவிடக் கடுமையானவை இரண்டு விதிகள். ஒன்று, 21 இரவுகளுக்கு மேல் தொடர்ந்து தங்க முடியாது. பலருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது என்று புரிகிறது. ஆனால் மருத்துவப் பரிசோதனை செய்து, முடிவு வந்து, நிபுணரைப் பார்த்து, மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கும்போது 21 இரவு போதாது. நோயோடு இருப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாற வேண்டியிருக்கிறது. மருத்துவர் கடிதம் இருந்தால் நீட்டிப்புக் கொடுக்கலாம் என்று விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். மற்றொன்று, 18 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் தங்க அனுமதி இல்லை. எங்கள் மகன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். நாங்கள் ஆண்டில் சில வாரம் மட்டுமே சிங்கப்பூரில் இருக்கிறோம். அவன் வார இறுதியில் மட்டுமே முகாமிலிருந்து வெளியே வருகிறான். வெள்ளி இரவு ஒன்பது மணிக்குச் சீருடையோடு வந்து, என் கையால் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு யீஷூனிலுள்ள சித்தப்பா வீட்டுக்குத் தூங்கப் போகிறான். மாடிப்படி இறங்கிப் போகும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. ஜெப அறை இரவில் காலியாகத்தான் இருக்கிறது. வார இறுதியில் அங்கே ஒரு மெத்தை போட அனுமதித்தால் இல்லத்துக்கு எந்தச் செலவும் இல்லை. இதை நிர்வாகக் குழுவுக்கு எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். மற்றப் பெற்றோரும் கேட்டால் நடக்கும் என்று நம்புகிறேன்.

கட்டணம், அதே வட்டாரத்தில் உள்ள சாதாரண ஹோட்டல் அறை வாடகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதையும் கட்ட முடியாதவர்களுக்குக் குறைத்துக்கொள்கிறார்கள். யாருக்கு எவ்வளவு குறைத்தார்கள் என்பது அங்கிளைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. இடம் கேட்பவர்கள், தங்களை அனுப்பிய சபையின் கடிதத்தை இணைக்க வேண்டும். பெரிய சபைகளின் ஆதரவோடு போனவர்களுக்கு இது சுலபம். தமிழ்நாட்டிலிருந்து தனித்துப் புறப்பட்டு, இந்தோனீசியாவிலோ தாய்லாந்திலோ ஊழியம் செய்துகொண்டு சிங்கப்பூர் வழியாகப் போகும் தம்பதிகளுக்குக் கடிதம் கொடுக்க ஆளில்லை. அவர்கள் சிங்கப்பூரில் தங்களை அறிந்த தமிழ்ப் போதகர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது; அவருடைய கடிதத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பள்ளி விடுமுறை வரும் ஜூன் மாதமும் நவம்பர், டிசம்பர் மாதங்களும் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். அந்தக் காலத்துக்கு ஆறு மாதம் முன்பே எழுதுங்கள். பிப்ரவரி, மார்ச், செப்டம்பர் மாதங்களில் பெரும்பாலும் அறை இருக்கிறது, அப்போது ஆன்ட்டிக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். குளிக்கத் துண்டு கொண்டுபோக வேண்டும். சேமிப்பு அறையில் பெட்டி வைக்க விரும்புகிறவர்கள், இடம் கேட்கும் படிவத்திலேயே அதைக் குறிப்பிட்டுவிட வேண்டும், ஏனென்றால் அதற்குத் தனியாகக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது.